உதட்டால் கசிவு கண்டவர்

அவருக்கு மீசை கிடையாது. எங்கள் பக்கத்தில் நாற்பது வயது ஆண்பிள்ளை மீசையை எடுத்தால், வீட்டில் கருமாதி முடிந்திருக்கிறது என்றோ பழனிக்குப் போய்வந்திருக்கிறார் என்றோ அர்த்தம். இவர் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தார். கேட்டால், "மீசை காத்த மறைக்குங்க" என்பார். மேலுதட்டுக்கும் மூக்குக்கும் இடையில் உள்ள அந்தத் தோல்தான் அவருடைய கருவி. துபாயில் ஏழு வருஷம் கம்பிரசர் அறையில் நின்றதில் காது பாதி போய்விட்டது. அதனால் கசிகிற எதையும் முத்தம் கொடுக்கப்போகிறவர் மாதிரி முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்துவார். ஓரிடத்தில் நிறுத்துவார். கசிவு அங்கேதான் இருக்கும்.

ஆனால் அங்கே இருக்கிறது என்று சொல்லமாட்டார். கண்ணைத் திறந்து, "நேத்து இது யாரு கையில இருந்துச்சு?" என்று கேட்பார்.

அவரைப் பற்றிச் சொல்ல இந்த ஒரு கேள்வியே போதும். மற்றதெல்லாம் உதாரணம்.

பெயரை எழுதப்போவதில்லை. என்னைவிட இருபத்தைந்து வயது இளையவரை 'அவர்' என்று எழுதுவதும் மரியாதையால் அல்ல.

அவர் மெக்கானிக். நாங்கள் இருவரும் இருந்த இடம் சித்தன்னவாசல் போகும் சாலையில் ஒரு பெயிண்ட்பால் மைதானம். என் மனைவியின் அண்ணன் மகனுடையது. ஓவியம் பார்க்க வருகிறவர்களுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் அங்கே வேலை இல்லை என்பதைக் கண்டுபிடித்து, தைலமரம் வெட்டி முடித்த தன் நிலத்தில் வலை கட்டி, பழைய டயரும் தார் டிரம்மும் அடுக்கி, இருபத்துநான்கு துப்பாக்கிகள் வாங்கிப் போட்டிருந்தான். துப்பாக்கி என்றால் உயிரை எடுப்பதல்ல. உருளையில் அடைத்த காற்றின் வேகத்தில் சாய உருண்டையை உமிழும். சட்டை பாழாகும், அவ்வளவுதான். கையேட்டில் அதன் பெயர் மார்க்கர். அங்கே எல்லோருக்கும் அது கன்னு. நான் மட்டும் கடைசிவரை மார்க்கர் என்றே சொன்னேன்.

நான் முப்பத்துநான்கு வருஷம் திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அழுத்தக் கலன்களைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன். ஓய்வுபெற்ற பிறகு கையெழுத்துப் போட எதுவும் கிடைக்காமல் வீட்டில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன். "மாமா, நீங்க சும்மாதான இருக்கீங்க, வந்து காத்து விஷயத்தப் பாத்துக்கங்க" என்றான் மருமகன். சம்பளம் கிடையாது. நாற்காலி உண்டு.

கசிவு பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் குழலுக்கு அடைப்பான் போடவேண்டும். பிறகு காற்று உருளையைத் திருகி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவேண்டும். உருளை திருகும் வாயில் சீறினால் அங்குள்ள ரப்பர் வளையம். குழல் முனையில் சீறினால் உள்ளே வால்வு. பின்பக்கம் சீறினால் உள்ளே ஓடும் தண்டின் வளையம். சத்தம் பிடிபடவில்லையென்றால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்க்கலாம். இடம் தெரிந்ததும் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத் திறந்து, வளையத்தை மாற்றி, அது உட்காரும் இடத்தைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் வைத்து மூடவேண்டும். மறுபடி காற்று ஏற்றிப் பத்து நிமிஷம் வைத்து, அழுத்தமானியின் முள் இறங்கவில்லை என்றால் நோட்டில் 'சரி' என்று எழுதவேண்டும். இதில் எந்தப் படியிலும் ஆள் பெயர் வராது. அவருடைய முறையில் ஆள் பெயர்தான் முதல் படி.

ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். மேலாளரும் அவருக்குக் கீழே பன்னிரண்டு பேரும். மேலாளரின் கையிலிருந்த பதினோராம் நம்பர் மார்க்கர் சீற ஆரம்பித்தது. இவர் வாங்கி உதட்டில் வைத்துப் பார்த்தார். அந்த வளையம் அந்த வாரம் மாற்றவேண்டியது என்று நான் நோட்டில் எழுதியிருந்தேன், அவருக்கும் தெரியும். கண்ணைத் திறந்து, சிலிண்டரை யார் திருகியது என்று கேட்டார். மேலாளர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

"இந்தாங்க சார். காதுல வச்சுக் கேளுங்க."

மேலாளர் வைத்துக்கொண்டார்.

"என்ன சொல்லுது?"

"ஏதோ... சத்தம் வருது."

"எடுக்காதீங்க. அது சொல்லி முடிக்கட்டும்."

உருளை காலியாக நாலு நிமிஷம் ஆனது. நாலு நிமிஷமும் அந்த மனிதர் சீறுகிற கருவியைக் காதில் வைத்தபடி பன்னிரண்டு பேருக்கு முன்னால் நின்றார். முதல் நிமிஷம் அவர்கள் சிரிக்கவில்லை. அப்புறம் சிரித்தார்கள். அன்றைய ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்துகொண்டு மேலாளரை மட்டுமே சுட்டன. இவர் அந்தப் பழைய வளையத்தை நகத்தால் நெம்பிப் புதருக்குள் சுண்டிவிட்டு, புதியதைப் போட்டு முடித்திருந்தார். எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லை.

இன்னொரு நாள் நாங்கள் இருவரும் நார்த்தாமலையிலிருந்து அவருடைய வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் டயர் இறங்கிவிட்டது. கூப்பிடு தூரத்தில் பஞ்சர் கடை. அவர் வண்டியைத் திருப்பி, வந்த வழியே தள்ள ஆரம்பித்தார். ஒரு கிலோமீட்டருக்குப் பின்னால் ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. டயரிலிருந்து பிடுங்கிய ஆணியை அந்தத் தச்சரின் பலகை மேல் வைத்து, "இது ஒங்க ஆணிதானங்க?" என்றார். தச்சர் பாவம், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருக்கலாம் என்றார். "சரிங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை மறுபடி தள்ளிக்கொண்டு வந்தார். சண்டை இல்லை, காசு கேட்கவில்லை. இதில் என்ன கிடைத்தது என்று வெயிலில் நடந்த கடுப்பில் கேட்டேன்.

"ஓட்டைக்கு ஆள் கெடச்சிருச்சுல்ல சார். இனி ஒட்டுனாப் போதும்."

இதைப் படிக்கிறவர்கள் அவரை நேர்மையான கிறுக்கர் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு வெயில் காலத்தில் பெரிய கம்பிரசரின் வடிகட்டியை மாற்றாமல் மருமகன் ரெண்டு மாதம் இழுத்தடித்தான். ஈரக் காற்று ஏறி ஒன்பது மார்க்கர்களில் வால்வு கெட்டது. இவர் ஒன்பதையும் உதட்டில் வைத்துப் பார்த்தார். மருமகன் பக்கத்திலேயே நின்றான். அன்றைக்கு அந்தக் கேள்வி வரவில்லை. "ரப்பரு அப்படித்தாங்க மொதலாளி, நம்மூரு வெயிலத் தாங்காது" என்றார்.

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. காற்று எங்கே பலவீனமான இடமோ அங்கே வெளியேறும். அவருடைய கேள்வியும் அப்படித்தான். எந்த ஆள் திருப்பிப் பேசமாட்டாரோ அந்த ஆளிடம் போய் நிற்கும்.

அந்த மைதானத்தில் திருப்பிப் பேசமாட்டாத ஆள் ஒருவர் இருந்தார். பக்கத்து ஊர்க்காரப் பெண், நாற்பது வயதிருக்கும். கணவர் லோடு லாரியிலிருந்து விழுந்து இறந்தவர். ஆட்டம் முடிந்ததும் முகமூடிகளையும் மார்க்கர்களையும் சாயம் போகக் கழுவித் துடைத்து அடுக்குவது அவருடைய வேலை. மகள் புதுக்கோட்டையில் நர்சிங் முதல் வருஷம் சேர்ந்திருந்தாள். "மூணு வருசம் இந்த எடம் நெலச்சாப் போதும் சார், அப்பறம் அவ என்னயப் பாத்துக்குவா" என்று என்னிடம் சொல்வார். வளையத்தை வளவி என்றுதான் சொல்வார். சின்ன வளவி, பெரிய வளவி, கறுப்பு வளவி. கையேட்டில் உள்ள எண்களைவிட அது தெளிவாகத்தான் இருந்தது. நான் அதை ஒப்புக்கொண்டதில்லை.

அந்த அம்மாளுக்குக் காது நல்ல காது. ஒருநாள் ஏழாம் நம்பரை இவர் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, சுத்தம் என்று பலகையில் வைத்தார். அந்த அம்மாள் துணியைப் பிழிந்துகொண்டே, "அண்ணே, பின்னாடி லேசாச் சீறுதுண்ணே" என்றார். இவர் கேட்காத மாதிரி அடுத்ததை எடுத்தார். மருமகன் அங்கே இருந்தான். என்னைப் பார்த்தான். நான் முறைப்படி சோப்புத் தண்ணீர் தடவினேன். கடுகளவில் ஒரு குமிழி எழும்பி உடைந்தது. மறுபடி எழும்பியது.

"அக்காவ வச்சே பாத்துக்கலாம் போலயே" என்றான் மருமகன்.

எல்லோரும் சிரித்தோம். மெக்கானிக்கும் சிரித்தார். மறுநாள் காலை மேலுதட்டில் பிளேடு வெட்டின காயத்தோடு வந்தார். தோலைச் சுரண்டுகிற அளவுக்கு ஒட்டச் சிரைத்திருந்தார். அதற்குப் பிறகு அந்த அம்மாளிடம் அவர் முன்னைவிட அன்பாகப் பேச ஆரம்பித்தார். டீ வந்தால், "அக்காவுக்கு மொதல்ல குடுங்க" என்பார். நான் முப்பத்துநான்கு வருஷம் தொழிற்சாலையில் இருந்தவன். அந்த அன்பு எதற்கு என்று அன்றே தெரிந்திருக்கவேண்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. முதல் நாள் அந்த அம்மாள் இருபத்துநான்கையும் கழுவித் துடைத்தார். கழுவினது ஒவ்வொன்றையும் இவர் உதட்டில் வைத்துப் பார்த்தார். நான் பத்துப் பத்து நிமிஷம் அழுத்தத்தில் வைத்து, நோட்டில் இருபத்துநான்கு வரி எழுதினேன். இருபத்துநான்கும் சரி. கீழே கையெழுத்து.

மறுநாள் பூஜை. அழுத்தம் ஏறிய கருவி மேல் கற்பூரம் காட்டக்கூடாது என்று சொல்லி, எல்லா உருளைகளையும் கழற்றி வைக்கச் சொன்னது நான். முறை அது. கழற்றிய மார்க்கர்களை வாழையிலை மேல் வரிசையாகப் படுக்க வைத்தபோது, உருளை திருகும் வாய்கள் எல்லாம் திறந்தபடி என்னைப் பார்த்தன. "பெரியவங்க நீங்கதான் மாமா பொட்டு வைக்கணும்" என்றான் மருமகன். அன்னவாசல் கடையில் வாங்கிய சந்தனப் பொடியைத் தண்ணீரில் குழைத்தேன். நறநறவென்று இருந்தது. எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்தேன். காற்று உள்ளே போகிற இடம்தான் இதற்கு முகம் என்று விளக்கம் வேறு சொல்லி, மோதிர விரலால் ஒவ்வொரு வாயிலும் வைத்தேன். அதன் மேல் குங்குமம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொரி கடலை தின்றோம்.

இரண்டு நாள் கழித்து ஒரு கல்லூரியின் பழைய மாணவர்கள் நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். பொட்டுகளைத் துணியால் துடைத்துவிட்டு உருளைகளைத் திருகியதும் ஆறு மார்க்கர்கள் ஒரே நேரத்தில் சீறின. வளையத்தை மாற்றினோம். புது வளையமும் சீறியது. மருமகன் ஆட்களுக்குப் பதில் சொல்ல முடியாமல், யாரால் வந்தது இது என்று கத்திக்கொண்டிருந்தான். இதைச் செய்தவனை இன்றைக்கே வெளியே அனுப்புகிறேன் என்றான்.

புது வளையமும் கிழிகிறது என்றால் குற்றம் வளையத்தில் இல்லை, அது உட்காரும் இடத்தில் இருக்கிறது. இதை நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் பதினாறாம் நம்பரை உதட்டில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். கண்ணைத் திறந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய், "சார், இங்கிட்டுக் கொஞ்சம் வாங்க" என்றார்.

போனேன். சுண்டுவிரலை வாய்க்குள் விட்டுத் துழாவி எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். விரல் நுனியில் மஞ்சளாக மணல் மாதிரி ஒட்டியிருந்தது. சந்தன வாசம் வந்தது.

"யாரு கையின்னு கேக்க மாட்டேன் சார். எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும்." குரலைத் தாழ்த்தவில்லை, அவருக்குத் தாழ்த்திப் பேச வராது. "மொதலாளிகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

நான் சொல்லியிருக்க வேண்டியது மூன்று வார்த்தை: நான் வைத்த சந்தனம். எனக்குப் போயிருக்கக்கூடியது ஒரு நாற்காலி. அதுவும் போயிருக்காது, மாமாவை யார் வெளியே அனுப்புவார்கள்.

"ரிப்போர்ட் உங்களது. நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் பணியில் இருந்தபோது பலமுறை சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது. அவர் விரலைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து அந்த வாயைச் சுத்தமாகத் துடைத்தார். கீறல் விழுந்த ஆறு வளையங்களை மட்டும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனார். நான் பின்னால் போனேன்.

மருமகனிடம் வளையங்களைக் காட்டினார். பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், பவுடர் உள்ளே தங்கி ரப்பரை அறுத்துவிட்டது என்றார். அப்புறம் அந்த அம்மாள் பக்கம் திரும்பி, ரொம்பப் பிரியமாகக் கேட்டார்:

"அக்கா, இதக் கழுவுனது யாரு?"

"கழுவுனது நாந்தாண்ணே. பவுடரெல்லாம் போடலண்ணே, வெறும் சோப்புத் தண்ணிதான்." கை ஈரத்தைச் சேலையில் துடைத்தார். "கழுவுன பெறகு நீங்கதான ஒண்ணொண்ணா வச்சுப் பாத்தீங்க. ஒண்ணும் ஒழுகலன்னீங்களே."

"நான் எத்தனையத்தான்க்கா பாப்பேன். எனக்குத்தான் நாலு விசயம் பிடிபடுறதில்லயே. ஒங்க காது வருமா?"

அந்த அம்மாளுக்கு அப்போதுதான் ஏழாம் நம்பர் நினைவு வந்திருக்கவேண்டும். முகம் மாறியது. ஆனால் சீக்கிரமே தெளிந்து, நம்பிக்கையோடு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க எழுதுனீங்கல்ல. பத்து நிமிசம் பத்து நிமிசம் வச்சு, எல்லாம் சரின்னு நோட்டுல எழுதுனீங்கல்ல. தம்பிகிட்ட அதக் காட்டுங்க சார்."

நோட்டு என் தோள்பையில் இருந்தது. பை என் தோளில் இருந்தது.

"நோட்டு வீட்டில இருக்கும்மா" என்றேன்.

அவர் பையைப் பார்த்தார். மெக்கானிக்கைச் சொல்கிறேன், அந்த அம்மாள் பையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு எடுத்துவாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. சொல்லவில்லை. மருமகன் அதற்குள் அந்த அம்மாளைக் கணக்கு முடித்துப் போகச் சொல்லிவிட்டான். "நர்சிங் புள்ளைக்கு இந்த வருசமாவது முடியட்டும் தம்பி" என்று ஒரு தடவை கேட்டார். ரெண்டாம் தடவை கேட்கவில்லை. முகமூடிகளில் பாதி துடைக்காமல் இருந்தன. உட்கார்ந்து மீதியையும் துடைத்து அடுக்கிவிட்டுப் போனார்.

மெக்கானிக் மீதி ஐந்து வாய்களையும் அரை மணி நேரத்தில் சுத்தம் செய்துவிட்டார். நாற்பது பேரும் விளையாடினார்கள். மாலையில் கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லா நின்னீங்க சார். ஒரு பொட்டுக் கசியல."

அது பாராட்டுத்தான். பரிசோதனை செய்தவர் தருகிற சான்றிதழ். அன்றிலிருந்து அவர் என்னை நடத்திய விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டீ வந்தால், "சாருக்கு மொதல்ல குடுங்க" என்பார். புது ஆட்கள் வந்தால் என்னைக் காட்டி, "சார் நோட்டுல எழுதுனா எழுதுனதுதான்" என்பார். ஒவ்வொரு தடவையும் என் தோள்பையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். நான் நோட்டு எழுதுவதை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் ஏன் என்று மருமகன் கேட்பான். எழுதிக்கொண்டே இருந்தேன்.

அந்த அம்மாளின் மகள் நர்சிங்கை விட்டுவிட்டுத் திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டதாக மருமகன்தான் ஒருநாள் சொன்னான். மில் வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனபோது பார்த்தானாம். நல்ல வேனாம், ஏசி.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. உருளைகளைக் கழற்றச் சொன்னேன். முறை மாறக்கூடாது. ஆனால் மார்க்கர்களை இலையில் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். சந்தனத்தைப் பிடியின் மேல், திருகு ஆணிகூட இல்லாத வழவழப்பான இடத்தில் வைத்தேன். இருபத்துநான்கிலும். ஏன் இடத்தை மாற்றினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மெக்கானிக் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொட்டையும் கணக்குப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

பூஜை முடிந்ததும் உருளைகளைத் திருகினார்கள். அவர் வரிசையாக ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். கடைசி மார்க்கரையும் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா மாமா" என்றான் மருமகன். "அந்தக்கா போனதுக்கப்பறம் ஒண்ணுகூட ஒழுகல."

நான் தலையாட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மெக்கானிக் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோதிர விரலை முக்கி எடுத்தார்.

"சாருக்கு வைக்க மறந்துட்டோம் பாருங்க."

குனிந்து காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நெற்றியின் நடுவில், வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு, அழுத்தித் தேய்த்து வைத்தார். அதே கடைச் சந்தனம். நறநறவென்று தோலை அறுத்தது. அவ்வளவு பக்கத்தில் அவருடைய முகத்தை நான் பார்த்ததில்லை. மேலுதடு நேற்றுப் பிறந்த குழந்தையுடையது மாதிரி வழவழவென்று இருந்தது. வைத்து முடித்த பிறகும் விலகாமல், கண்ணை மூடி, என் வாய்க்கு நேரே ஒரு கணம் நின்றார்.

பிறகு கண்ணைத் திறந்து, "சுத்தம்" என்றார்.